சூக்கி, மாய், கட்டாரா: 'அவதார்' ரசிகர்களின் தீராத மனக்குறை

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 2005 பிப்ரவரியில் நிக்கலோடியன் சேனலில் தொடங்கி, 2008 ஜூலை 19 அன்று முடிந்தது. மொத்தம் 61 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் விளம்பர இடைவேளையோடு சேர்த்து அரை மணி நேரம். 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எடுத்த தொடர் அது. அன்று பார்த்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள், சிலர் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பார்க்கிறார்கள். ஆனால் சில வாதங்கள் மட்டும் ஓயவில்லை. சூக்கிக்கு ஏன் அவ்வளவு குறைவான இடம்? மாயின் காதல் எப்போது ஆரம்பித்தது? கட்டாரா யாரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு மக்கள் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் சிலருக்கு அந்தந்தப் பூதத்தைக் கைகால் அசைவால் ஆளும் திறமை உண்டு. நான்கையும் ஆளக்கூடியவர் அவதார். ஒருவர் இறந்தால் இன்னொரு பிறவி எடுத்து வருவார். 12 வயதுச் சிறுவன் ஆங்தான் இந்தக் கதையின் அவதார். 100 ஆண்டுகள் பனிக்கட்டிக்குள் உறைந்திருந்து அவன் விழிக்கும்போது நெருப்பு நாடு உலகத்தையே பிடிக்கப் போர் நடத்திக்கொண்டிருக்கிறது. தென் துருவத்தைச் சேர்ந்த கட்டாராவும் அவள் அண்ணன் சொக்காவும் அவனோடு கிளம்புகிறார்கள். பிறகு பார்வையில்லாத டோஃப் வந்து சேர்கிறாள். அவர்களைத் துரத்தி வரும் நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோ கடைசியில் அவர்கள் பக்கமே வருகிறான். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ என்ற இருவர் உருவாக்கிய உலகம் இது.

இந்தத் தொடரின் ரசிகர்கள் 'வீணடிக்கப்பட்ட பாத்திரம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் நேரத்தைக் கணக்குப் போடுகிறார்கள். எத்தனை அத்தியாயத்தில் வந்தாள், எத்தனை வசனம் பேசினாள் என்று. அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் அது விஷயத்தின் மையத்தைத் தொடுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்து நிமிடமே வந்துபோன பாத்திரங்கள் சிலர் இந்தத் தொடரில் முழுமையாக இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா அத்தியாயத்திலும் வந்த ஒருத்தியோ, காதல் என்று வரும்போது மட்டும் பாதி எழுதப்பட்டவளாக நிற்கிறாள். அந்தப் பாத்திரம் தன் மனதுக்குள் ஒரு முடிவெடுப்பதை நாம் பார்த்தோமா என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறேன்.

முதலில் சூக்கி. ரசிகர்களின் பட்டியலில் எப்போதும் முதலிடம் அவளுக்குத்தான். முதல் சீசனின் நான்காவது அத்தியாயத்தில் கியோஷி தீவின் பெண் வீராங்கனைகளுக்குத் தலைவியாக அறிமுகமாகிறாள். பெண்களால் சண்டை போட முடியாது என்று பேசித் திரியும் சொக்காவை அடித்து உட்கார வைக்கிறாள். அவன் பிறகு அவள் முன் மண்டியிட்டுக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கிறான். அவர்களுடைய உடையையும் முகப்பூச்சையும் அணிந்துகொண்டு பயிற்சி எடுக்கிறான். தீவைவிட்டுக் கிளம்பும் நேரத்தில், உன்னைப் பெண் என்று பார்த்தது தப்பு, வீராங்கனை என்று பார்த்திருக்க வேண்டும் என்கிறான். நான் வீராங்கனைதான், ஆனால் பெண்ணும்தான் என்று சொல்லி அவன் கன்னத்தில் முத்தமிடுகிறாள். குழந்தைகள் கார்ட்டூனில் ஒரு பதின்வயதுப் பெண்ணை இதைவிட நேர்த்தியாக அறிமுகப்படுத்திய இடம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

அதன் பிறகு முதல் சீசன் முழுவதும் அவள் இல்லை. வட துருவத்தில் சொக்கா இளவரசி யூவேயை விரும்புகிறான். யூவே தன் உயிரைக் கொடுத்து நிலவின் ஆவியாகிறாள். இரண்டாம் சீசனின் நடுவில்தான் சூக்கி மறுபடி வருகிறாள், அகதிகளோடு ஒரு ஆபத்தான நிலப்பாதையைக் கடக்கும் கதையில். யூவேயைக் காப்பாற்ற முடியாமல் போன வலியில் சொக்கா இவளை அளவுக்கு மீறிப் பாதுகாக்கிறான். இரவில் இருவரும் பேசுகிறார்கள். நானும் ஒருவரை இழந்தேன், அவர் சாகவில்லை, போய்விட்டார், அவ்வளவுதான் என்று சூக்கி சொல்கிறாள். அவள் பேசுவது அவனைப் பற்றித்தான். அவளுடைய பக்கத்திலிருந்து அந்தக் காதல் பேசப்பட்ட இடம் ஏறக்குறைய இது ஒன்றுதான்.

அப்புறம் மறுபடி மறைந்துவிடுகிறாள். ஆங்கின் பறக்கும் எருதைக் காப்பாற்றும்போது, ஜூக்கோவின் தங்கை அசூலாவின் கூட்டத்தோடு அவளும் தோழிகளும் மோதுகிறார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று நமக்குக் காட்டப்படுவதில்லை. அடுத்து கியோஷி வீராங்கனைகளின் உடையில் அசூலாவே வந்து நிற்கும்போதுதான் என்ன ஆகியிருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம். அந்த எருது அத்தியாயம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது 2006 அக்டோபரில். சிறையிலிருக்கும் சூக்கி மறுபடி வந்தது 2008 ஜூலையில். இடையில் கிட்டத்தட்ட 2 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவளைப் பற்றி வந்தது சொக்காவைச் சீண்ட அசூலா பேசும் ஒரு வசனம் மட்டும். ஒரு பிள்ளைக்கு 2 ஆண்டு என்பது எவ்வளவு பெரிய காலம் என்று நினைத்துப் பாருங்கள். 9 வயதில் சூக்கியைப் பிடித்துப்போன குழந்தைக்கு அவள் திரும்பும்போது 11 வயது.

சிறைக் கதையில் அவள் செய்யும் சாகசம் மறக்க முடியாதது. கலவரத்தில் கைதிகளின் தலைகளின் மேல் ஓடி, சுவரில் ஏறி, சிறைத் தலைவனைத் தனியாளாகப் பிடித்துவிடுகிறாள். ஆனால் சிறையில் இத்தனை நாள் எப்படித் தாக்குப்பிடித்தாள், தன் தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டாளா, சொக்கா வருவான் என்று நம்பினாளா என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு வரும் கதைகளில் அவள் கூடவே இருக்கிறாள், சண்டையில் உதவுகிறாள், கடைசிப் போரில் ஒரு வான்கப்பலைக் கைப்பற்றி வந்து சொக்காவையும் டோஃபையும் காப்பாற்றுகிறாள். ஆனால் கதை அவளை உபயோகமான ஆளாக மட்டும் வைத்திருக்கிறது. 2021இல் வெளிவந்த 'சூக்கி, அலோன்' என்ற காமிக்ஸ் இந்தச் சிறை நாட்களைத்தான் எடுத்துக்கொண்டது. தொடர் முடிந்து 13 ஆண்டுகள் கழித்தும் இந்த ஒரு பள்ளத்தை நிரப்ப ஒரு புத்தகம் தேவைப்பட்டது என்றால், ரசிகர்கள் சும்மா குறை சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் இப்படி நடக்கிறது? எழுதியவர்களுக்கு அக்கறை இல்லை என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஒரு அத்தியாயத்தில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் ஆங்குக்கு ஒரு வேலை, கட்டாராவுக்கு ஒரு வேலை, சொக்காவுக்கு ஒரு நகைச்சுவை, ஜூக்கோவுக்குத் தனியாக ஒரு கிளைக்கதை. மூன்றாம் சீசனின் பின்பாதியில் ஜூக்கோ வந்து சேர்ந்ததும் முக்கியப் பாத்திரங்களே ஆறேழு பேர் ஆகிவிடுகிறார்கள். படம் வரையும் வேலை தென்கொரியாவிலுள்ள ஸ்டூடியோக்களில் நடந்தது. கதைப்பலகை அமெரிக்காவிலிருந்து போய், வரைந்து, திருத்தி, ஒலி சேர்த்து முடிய மாதக்கணக்கில் ஆகும். ஒரு பாத்திரத்துக்கு ரசிகர்களிடம் வரவேற்பு இருப்பது தெரியவரும் நேரத்தில் அடுத்த பல அத்தியாயங்களின் எழுத்து வேலை முடிந்திருக்கும். தவிர, 6 வயதுப் பிள்ளைக்கும் புரியவேண்டிய தொடரில் காதலுக்கு ஒரு வரம்புக்கு மேல் இடம் கொடுக்க எந்தச் சேனலும் தயங்கும்.

இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் இதே நெருக்கடிக்குள்தான் மாயின் கதையும் எழுதப்பட்டது.

மாய் அசூலாவின் தோழி, கத்தி எறிவதில் கெட்டிக்காரி, எதிலும் சலிப்புற்ற முகம். ஜூக்கோவுக்கும் அவளுக்கும் சிறுவயதில் ஏதோ ஈர்ப்பு இருந்ததை இரண்டாம் சீசனில் ஒரு பழைய நினைவுக் காட்சி குறிப்பாகக் காட்டுகிறது. அவள் தலையில் அசூலா ஆப்பிளை வைத்து நெருப்பு வைக்க, காப்பாற்ற ஓடிவரும் ஜூக்கோ அவளையும் இழுத்துக்கொண்டு நீரூற்றுக்குள் விழுகிறான். அவ்வளவுதான். மூன்றாம் சீசனின் முதல் அத்தியாயத்தில் திடீரென்று இருவரும் காதலர்கள். இடையில் என்ன நடந்தது, யார் முதலில் பேசினார்கள் என்பது திரைக்கு வெளியே போய்விட்டது.

இங்கே ஒளிபரப்புத் தேதிகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டாம் சீசனின் கடைசிக் கதை 2006 டிசம்பர் 1 அன்று வந்தது. அதில் பச்சை நிறப் படிகங்கள் ஒளிரும் நிலத்தடிக் குகையில் ஜூக்கோவும் கட்டாராவும் சேர்ந்து அடைக்கப்படுகிறார்கள். என் தாயை நெருப்பு நாடு எடுத்துக்கொண்டது என்கிறாள் அவள். நமக்குள் அது ஒன்று பொதுவாக இருக்கிறது என்கிறான் அவன். அவன் முகத்திலுள்ள தீக்காயத்தை, தன்னிடமிருக்கும் புனித நீரால் குணப்படுத்த முன்வந்து அவள் அந்தத் தழும்பைத் தொடுகிறாள். அடுத்த சீசன் தொடங்கியது 2007 செப்டம்பர் 21 அன்று. ஒன்பது மாதத்துக்கு மேல் ரசிகர்களிடம் மிஞ்சியிருந்த கடைசி நெருக்கமான பிம்பம் அந்தக் குகைதான். 'ஷிப்பிங்' என்று அவர்கள் சொல்லும் ஜோடி சேர்க்கும் பழக்கத்துக்கு இதைவிட வளமான மண் கிடைக்காது. ஓவியங்களும் கதைகளும் ஆயிரக்கணக்கில் பெருகின. அப்படிக் காத்திருந்தவர்கள் புதிய சீசனைப் போட்டதும் பார்த்தது, ஜூக்கோவின் பக்கத்தில் மாய் நிற்பதை. அவள் மேல் பலருக்கு வந்த கோபம் அவள் செய்த எதற்காகவும் இல்லை, அவள் வந்து நின்ற நேரத்துக்காக.

ஆனாலும் மாய் மீண்டுவிட்டாள். கடற்கரை விடுமுறை அத்தியாயத்தில் ஜூக்கோ, மாய், அசூலா, அவர்கள் தோழி டை லீ என்று நால்வரும் தீயைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் குழந்தைப் பருவத்தைப் பேசுகிறார்கள். அமைதியாக உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசினால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லி வளர்த்தார்கள், அப்பாவின் அரசியல் பதவியைக் கெடுக்கக்கூடாதே என்கிறாள் மாய். அதுவரை வெறும் குணச்சித்திரமாக இருந்த அந்தச் சலிப்பு, ஒரு பெண்ணின் வாயை அடைத்து வளர்த்ததன் விளைவாக நமக்குத் தெரியத் தொடங்குகிறது. பிறகு ஜூக்கோ ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் காணாமல் போகிறான். சிறையில் அவனைச் சந்திக்கும்போது, என் முகத்தைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறாள். அதற்குச் சற்று நேரம் கழித்து, அவன் தப்பிக்கும் தொங்கு வண்டியின் கயிற்றை அறுக்கப் போகும் காவலர்களைத் தன் கத்திகளால் நிறுத்துகிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று அசூலா கேட்க, உன்மேல் இருக்கும் பயத்தைவிட ஜூக்கோமேல் இருக்கும் காதல் பெரிது, அதை நீ தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டாய் என்கிறாள்.

வாயைத் திறக்காமல் வளர்ந்தவள், உலகத்திலேயே எல்லோரும் பயப்படும் ஒருத்தியின் முகத்துக்கு நேராகப் பேசிய வார்த்தைகள் அவை. ஒரு நிமிடம்கூட ஆகாது அந்தக் காட்சி. அந்த முடிவு அவளுடையது, விலையும் அவளே கொடுக்கிறாள். அதனால்தான் மாயின் காதல் எப்படித் தொடங்கியது என்று நமக்குத் தெரியாமலிருந்தும் அதை நம்ப முடிகிறது. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த காதல் வசனம் இதுதான். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு அரை நிமிட மறுசந்திப்பு ஒன்றோடு கதையை முடித்தது சிக்கனம் அதிகம்தான். 2012இல் வந்த 'தி பிராமிஸ்' காமிக்ஸில் ஜூக்கோ தன்னிடம் மறைத்துவைத்த ரகசியங்களுக்காக அவளே அவனைவிட்டுப் போகிறாள். அது அவள் குணத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. பிறகு என்ன ஆயிற்று என்பது தொடர்ச்சித் தொடரான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா'விலும் தெளிவாகவில்லை. அங்கே ஜூக்கோவுக்கு இசூமி என்று ஒரு மகள், நெருப்பு நாட்டின் அரசி. அவளுடைய தாய் யார் என்று தொடர் சொல்லவே இல்லை.

மாயோடு சேர்ந்து அந்தத் தருணத்தில் அசூலாவை எதிர்த்தவள் டை லீ. ஒரே மாதிரி முகமுள்ள ஏழு சகோதரிகளில் ஒருத்தியாகப் பிறந்து, தனக்கென்று ஒரு அடையாளம் வேண்டும் என்பதற்காகவே சர்க்கஸில் சேர்ந்தவள். அப்படிப்பட்டவள் கடைசியில் எல்லோரும் ஒரே உடை, ஒரே முகப்பூச்சு அணியும் கியோஷி வீராங்கனைகளோடு சேர்வது ரசிகர்களை இன்றும் குழப்புகிறது. அதற்கான மனமாற்றத்தைக் காட்ட ஒரு காட்சிகூட இல்லை. இங்கே அவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஜின். 'டேல்ஸ் ஆஃப் பா சிங் சே' என்ற அத்தியாயம் ஆறு சின்னக் கதைகளாகப் பிரிந்திருக்கும். அதில் ஒன்றில், வேறு பெயரில் ஒளிந்துகொண்டு டீக்கடையில் வேலை செய்யும் ஜூக்கோவை ஜின் என்ற பெண் வெளியே கூப்பிடுகிறாள். சாப்பிடுகிறார்கள், நடக்கிறார்கள். தனக்குப் பிடித்த விளக்கு நீரூற்றுக்கு அழைத்துப்போகிறாள். விளக்குகள் ஏற்றப்படாமல் இருண்டு கிடப்பதைப் பார்த்து அவள் முகம் வாடுகிறது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தான் யார் என்பது தெரிந்துவிடும் ஆபத்தையும் மீறி, நெருப்பை வரவழைத்து அத்தனை விளக்கையும் ஏற்றிவைக்கிறான். அவள் கண்ணைத் திறந்து என்ன நடந்தது என்று கேட்டாலும் மேலும் துருவவில்லை. அவனுக்கு ஏதோ சொல்ல முடியாத கஷ்டம் என்று புரிந்துகொண்டு விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் அவள் கதை, மறுபடி பேசும் பாத்திரமாக அவள் வருவதில்லை. அவளை இன்னும் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டதும் அவள், அழைத்துப்போனதும் அவள், விட்டுக்கொடுத்ததும் அவள். அந்தச் சில நிமிடத்துக்குள் ஒரு முழு மனுஷி இருக்கிறாள்.

ஹாரு, டியோ போன்றவர்கள் பற்றிய புகாரில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அவர்கள் ஒரு கதைக்காகவே வந்தவர்கள், திரும்பி வந்தபோது கூட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள். ஜெட் வேறு விஷயம். கட்டாரா முதலில் மயங்கியது அவனிடம்தான், முதலில் ஏமாந்ததும் அவனிடம்தான். இரண்டாம் சீசனில் மூளைச்சலவை செய்யப்பட்டு, விடுபட்டு, நிலத்தடியில் காயப்பட்டுக் கிடக்கும்போது, எனக்கு ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்கிறான். அவன் பொய் சொல்கிறான் என்கிறாள் டோஃப், கால்கள் வழியாகப் பிறரின் நாடித்துடிப்பை உணரக்கூடியவள். குழந்தைகள் சேனலில் ஒரு சாவை இப்படித்தான் சொல்ல முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு கட்டாரா அவனைப் பற்றி மனம்விட்டுப் பேசும் காட்சி ஒன்றுகூட வரவில்லை. தொடர் தன் கதையையே நாடகமாகப் போட்டுக் காட்டும் ஒரு அத்தியாயத்தில் அவன் சாவு தெளிவாக இல்லை என்று ஒரு நகைச்சுவை வரும், அதோடு சரி.

டோஃபுக்கு சொக்காமேல் இருந்த ஈர்ப்பும் இதே கதிதான். தண்ணீரில் மூழ்கும் தன்னைக் காப்பாற்றியது சொக்கா என்று நினைத்துக் கன்னத்தில் முத்தமிடுகிறாள். அது சூக்கி. அந்தக் காட்சிக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் பார்வையில்லாத 12 வயதுச் சிறுமி தன் மனதைக் காட்டிய ஒரே நேரம் அப்படி முடிந்தது என்பது, அந்த வயதைத் தாண்டிய பிறகு பார்க்கும்போது கொஞ்சம் வலிக்கிறது.

சரி, கட்டாராவுக்கு வருவோம். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கேட்கும் குரலே அவளுடையதுதான். அவளுக்கு இடம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாயை இழந்த துயரம், தன்னை ஆண்களோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்க மறுத்த ஆசானோடு அவள் போடும் சண்டை, தாயைக் கொன்றவனைத் தேடிப்போய்க் கடைசியில் கொல்லாமல் திரும்பும் அந்த இரவு, எல்லாமே அவள் முடிவுகள், அவள் வார்த்தைகள். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன், ஆனால் ஜூக்கோவை மன்னித்துவிட்டேன் என்கிறாள். இவ்வளவு துல்லியமாகத் தன் மனதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணை வேறெந்தக் குழந்தைகள் தொடர் எழுதியிருக்கிறது?

ஆனால் ஆங்கின் காதல் என்று வந்தால் கதை முழுக்க அவன் பக்கமே நிற்கிறது. அவன் காதலைப் பற்றி யார்தான் பேசவில்லை? குறிசொல்லும் வு அத்தை பேசுகிறாள். இந்தியச் சாயலோடு வரும் குரு பாதிக், ஏழு சக்கரங்களையும் திறக்கச் சொல்லிக்கொடுக்கும்போது, கடைசிச் சக்கரத்துக்குக் கட்டாராமேல் இருக்கும் பற்றை விட வேண்டும் என்கிறார். நம் ஊரில் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். சிறுவன் கேட்கும் எதிர்க்கேள்வியும் நியாயமானது: மூன்று சக்கரத்துக்கு முன் அன்பு நல்லது என்றீர்களே? அவன் பாதியில் எழுந்து போய்விடுகிறான். அதிகாரத்தைவிட அன்பைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம் என்று ஜூக்கோவின் பெரியப்பா ஐரோ அவனைத் தேற்றுகிறார். ஒரு சிறுவனின் காதலை ஞானமும் கடமையும் இரண்டு பக்கமும் நின்று எடைபோடுகின்றன. அருமையான எழுத்து. ஆனால் இந்த விவாதம் எதிலும் கட்டாரா இல்லை. அவள் விட வேண்டிய பற்று, அல்லது வைத்துக்கொள்ள வேண்டிய மகிழ்ச்சி. பிறகு கடைசிப் போரில் முதுகுக் காயத்தில் ஒரு பாறை இடித்துச் சக்கரம் திறந்துவிடுவதால், பற்றை என்ன செய்வது என்ற அந்தக் கேள்வியும் அப்படியே விடுபட்டுப்போகிறது.

நான் மேலே சொன்ன நாடக அத்தியாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேடையில் கட்டாராவாக நடிப்பவள், ஆங் எனக்குத் தம்பி மாதிரி என்கிறாள். அதைக் கேட்டு மனம் உடைந்த ஆங், இடைவேளையில் கட்டாராவிடம், நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று கேட்கிறான். போருக்கு நடுவில் இருக்கிறோம், எனக்குக் குழப்பமாக இருக்கிறது என்கிறாள். அவன் முத்தமிட்டுவிடுகிறான். குழப்பமாக இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன் என்று கோபமாக எழுந்து போகிறாள். இதை எழுதத் துணிந்ததே பெரிய விஷயம். பதின்வயதில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சம்மதம் பற்றிச் சொல்லித்தரக் கிடைத்த அற்புதமான வாய்ப்பு. அடுத்து வருவது நான்கு பகுதியான இறுதிக் கதை. அதன் கடைசிக் காட்சியில், ஐரோவின் டீக்கடை மாடத்தில் கட்டாரா ஆங்கிடம் வருகிறாள், அணைத்துக்கொள்கிறார்கள், முத்தமிடுகிறார்கள். ஒரு வார்த்தை இல்லை.

அந்த மௌனமே பதில் என்று சொல்லும் ரசிகர்களின் வாதத்திலும் வலு இருக்கிறது. அவள்தானே நடந்து வருகிறாள்? இரண்டு காதலர் குகையில் முத்தமிடும் யோசனையை முதலில் சொன்னதும் அவள்தான். நடனமாடும் அத்தியாயத்தில் அவள் முகம் எவ்வளவு மலர்ந்திருந்தது? மூன்று சீசனாக மெல்ல மெல்லக் கட்டிய உறவு அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குழப்பம் என்று சொன்னவளின் குழப்பம் எப்படித் தெளிந்தது என்பது கதையில் இல்லை. ஜூக்கோவோடு கட்டாராவைச் சேர்க்க விரும்பியவர்கள் இத்தனை ஆண்டுகள் விடாப்பிடியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். ஜூக்கோவோடு அவள் இருக்கும் காட்சிகளில் கோபமோ, துயரமோ, மன்னிப்போ, அவள் மனம் முழுக்கத் திறந்திருக்கிறது. அவனோடுதான் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அவளை அப்படித் திறந்து எழுதிய காட்சி ஒன்று ஆங்கோடும் வேண்டியிருந்தது. மாடத்துக்கு வருவதற்கு முன் இரண்டு நிமிடம் போதும்.

அந்தக் குறை பிறகும் தொடர்ந்தது. 2012 முதல் 2014 வரை 52 அத்தியாயங்களாக வந்த கோரா தொடரில் கட்டாரா முதியவள், ஆங் இறந்துவிட்டான். உலகத்திலேயே சிறந்த நீர்க்கலை வல்லுநர்களில் ஒருத்தி, தன் சொந்த மண்ணில் உள்நாட்டுப் போர் நடக்கும்போது காயங்களைக் குணப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய நண்பர்களுக்கெல்லாம் சிலை இருக்கிறது, அவளுக்கு ஒன்றையும் காட்டவில்லை என்று ரசிகர்கள் சுட்டிக்காட்டுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அது சின்னதாகப் படவில்லை. சூக்கியின் பெயரோ அந்த 52 அத்தியாயத்தில் ஒரு முறைகூட உச்சரிக்கப்படவில்லை.

அதே தொடரில்தான் குறை தீர்ந்த கதையும் ஒன்று இருக்கிறது. அசாமி சாட்டோ முதலில் எதிரியின் உளவாளியாகத் திட்டமிடப்பட்டவள். அவளைப் பிடித்துப்போய் படைத்தவர்களே அதை மாற்றினார்கள். முதல் சீசனில் அவளுக்குக் கிடைத்தது ஒரு முக்கோணக் காதலின் மூன்றாம் முனை மட்டும். தொடரின் நாயகி கோராவும் அவளும் மாக்கோ என்ற ஒரே பையனுக்காக மனம் வருந்துவதுதான் அவர்கள் உறவே. அந்தக் காதல் யாருக்கும் பிடிக்கவில்லை. மூன்றாம் சீசனில் அந்தப் பையனை ஒதுக்கிவிட்டு இரண்டு பெண்களையும் நண்பர்களாக எழுதத் தொடங்கியதும் அசாமி உயிர்பெற்றாள். நஞ்சால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் கிடக்கும் கோராவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வேண்டுமானாலும் நான் இருக்கிறேன் என்கிறாள். நான்காம் சீசனில் ஊரைவிட்டு விலகியிருக்கும் கோரா, நண்பர்கள் எல்லோரும் கடிதம் எழுதியும், பதில் எழுதுவது அசாமிக்கு மட்டும்தான். உன்னிடம் சொல்வது எளிதாக இருக்கிறது என்கிறாள்.

2014 டிசம்பர் 19 அன்று வந்த கடைசிக் காட்சியில் இருவரும் கைகோத்து ஆவி உலகத்துக்குள் நடந்து போனார்கள். மூன்று நாள் கழித்து கோனியெட்ஸ்கோ, இது காதல்தான் என்று எழுத்தில் உறுதிப்படுத்தினார். தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டதில்லை என்பதையும், சேனல் ஆதரவாக இருந்தாலும் எவ்வளவு தூரம் காட்டலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். திரையில் முத்தம் இல்லை. அதற்கு 2017இல் வெளிவரத் தொடங்கிய காமிக்ஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கோராவின் கடிதத்தில் அவள் மனம் இருந்தது. திட்டமே இல்லாமல் பிறந்த காதல், முதல் நாளிலிருந்து திட்டமிட்ட காதலைவிடக் கூடுதலாகப் பேசப்பட்டுவிட்டது!

2020 மே மாதம் அமெரிக்காவில் பழைய தொடர் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது புதிய தலைமுறை ஒன்று 61 அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் பார்த்தது. அவர்களுக்கு அந்த ஒன்பது மாதக் குகை இல்லை. அடுத்த 'பிளே'யிலேயே மாய் வந்துவிடுகிறாள். சூக்கி காணாமல் போன 2 ஆண்டுகளும் அவர்களுக்கு இரண்டு மூன்று இரவுகள்தான். எனவே மாய்மேல் அவர்களுக்குக் கோபம் குறைவாக இருப்பதைக் கவனிக்கிறேன். சூக்கியின் இன்மையும் அவ்வளவு உறுத்துவதில்லை. ஆனால் அந்த மாட முத்தம் மட்டும் அவர்களையும் கேள்வி கேட்க வைக்கிறது. இடைவெளியைச் சுருக்கினால் தீரும் குறை வேறு, காட்சியே எழுதப்படாத குறை வேறு.

நெட்ஃபிளிக்ஸ் நடிகர்களை வைத்து எடுத்த புதிய வடிவம் 2024 பிப்ரவரி 22 அன்று 8 அத்தியாயங்களாக வந்தது. சூக்கிக்கு அதில் ஒரு தாய் உண்டு, உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்டு, நேரமும் கூடுதல். யூவேக்கும் மாய், டை லீக்கும்கூட முன்னதாகவே இடம் கிடைத்தது. ஆனால் சொக்காவின் பழைய ஆணாதிக்கப் பேச்சைக் குறைத்துவிட்டதால், சூக்கி அவனை எதிர்த்து நின்று மாற்றிய அந்தக் கூர்மை மழுங்கிப்போனது என்று பழைய ரசிகர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். நானும் அவர்கள் பக்கம். அவளுக்கு நிமிடங்களைக் கொடுத்துவிட்டு, அவள் ஜெயித்த சண்டையை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த உலகத்தின் கதைகளுக்கென்றே 2021இல் 'அவதார் ஸ்டூடியோஸ்' தொடங்கப்பட்டது. டிமார்ட்டினோவும் கோனியெட்ஸ்கோவும்தான் பொறுப்பில் இருக்கிறார்கள். வளர்ந்துவிட்ட ஆங்கையும் அவன் நண்பர்களையும் வைத்து ஒரு அனிமேஷன் படமும் அறிவிக்கப்பட்டது. அதில் என்ன சண்டை, யார் எதிரி என்பதைவிட எனக்கு வேறொன்றில்தான் ஆர்வம். ஆங்கும் கட்டாராவும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று இருந்தால், அதில் அவள் எத்தனை வாக்கியம் பேசுகிறாள், அவன் எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று பார்ப்பேன். கூடவே, சொக்காவின் பக்கத்தில் சூக்கி நிற்கிறாளா என்றும்.